கூரையைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவோம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதிகளில் கூரைகள் பெயர்ந்து பறந்தன. கடலுக்கு வெகுதொலைவில் குரும்பலூரில் வாழும் நாம், இத்தகைய வேளைகளில் துஆச் செய்கிறோம். அரிசியும் போர்வையும் அனுப்புகிறோம். அது நற்செயலே. ஆயினும், கூரை பறக்குமுன் செய்ய வேண்டிய உதவியைப் பற்றி நாம் பேசுவதில்லை.

புயற்காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கித் தூக்குவதே மிகுதி. ஆகவே ஓட்டின் கனத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. தகட்டைக் கொக்கி ஆணியால் சட்டத்தோடும், சட்டத்தைக் கம்பியால் சுவரின் கான்கிரீட் பட்டையோடும் இறுகப் பிணைத்தல் வேண்டும். நாற்புறமும் சரிந்த கூரை, இருபுறம் சரிந்ததைவிடக் காற்றை நன்கு தாங்கும். தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை அமைத்தால், அது பெயர்ந்தாலும் வீட்டின் கூரை தப்பும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அது கூரைக்கும் பொருந்தும். கடலோர ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஜமாஅத்துகளும், அங்கு உறவினர் உள்ள நம் குடும்பங்களும் நன்கொடையில் ஒரு பங்கைக் கூரைப் பிணைப்புக்கு ஒதுக்குவோமாக. புயலுக்குப் பின் தரும் போர்வையைப் போலவே, புயலுக்கு முன் முடுக்கும் ஆணியும் ஸதகாவே, இன்ஷா அல்லாஹ்.