சொல்லிவிட்டு ஊற்றுங்கள்
சனிக்கிழமை காலைகளில் எதிர்வீட்டுக் குளியலறையிலிருந்து கேட்கும் குழந்தையின் அலறல் மனதை என்னவோ செய்கிறது. அடம் என்கிறார்கள், எனக்கு அது பயமாகத்தான் படுகிறது. கண்ணை மூடியிருக்கையில், எப்போது விழும் என்று தெரியாத தண்ணீர் தலையில் கொட்டினால் பெரியவர்களுக்கே மூச்சுமுட்டும். பாட்டிமார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, நெற்றியில் உள்ளங்கையை அணைபோல் வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் நீர் வார்ப்பார்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும் என்று பிஞ்சுகளுக்குப் பயத்தமாவு. இப்போது கண் எரியாத ஷாம்புவே கிடைக்கிறது, ஆனாலும் அழுகை ஓயவில்லை. ஷவர் வேண்டாம். மடித்த துண்டை நெற்றியில் பிடித்துக்கொள்ளச் செய்து, ‘இப்போ ஊத்தறேன்’ என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக மெதுவாக ஊற்றுங்கள். முதல் குவளையைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. பொம்மையின் தலைக்கும் கொஞ்சம் ஊற்றட்டும்.