விளக்கு எரிகிறது, கதிர் வருகிறதா?

"மகளின் கையிலும் முழங்காலிலும் வெண்புள்ளி. வைத்தியர் கழியூதாக் கதிர்ச் சிகிச்சை சொன்னார். கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழியில்லை. வெளிநாட்டில் இருக்கும் அவளது வாப்பா, வைத்தியரிடம் கேட்டு, கையில் பிடிக்கும் விளக்கொன்றை வாங்கி அனுப்பினார். ஆரம்பத்தில் நல்ல குணம் தெரிந்தது. இப்போது ஒன்றையும் காணோம். விளக்கோ முதல் நாள் போலவே எரிகிறது. நேரத்தைக் கூட்டலாமா?" என்று ஒரு தாயார் எழுதியிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் பார்ப்பது கழியூதாக் கதிரை அல்ல. அது எவர் கண்ணுக்கும் தெரியாது. டியூபில் தெரியும் நீல ஒளி, கதிரோடு கூட வரும் உதிரி வெளிச்சம். உள்ளேயிருக்கும் இரச ஆவி எழுப்பும் கதிரை, கண்ணாடியின் உட்புறப் பூச்சு மருத்துவத்துக்கு வேண்டிய 311 நனோமீற்றர் கதிராக மாற்றுகிறது. பாவிக்கப் பாவிக்க அந்தக் கதிர் குறைந்துகொண்டே போகும். நீல வெளிச்சத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. டியூபில் அச்சிட்டிருக்கும் 'வொட்' கணக்கும் உதவாது. அது டியூப் இழுக்கும் மின்சாரம். அதில் ஒரு பங்குதான் கதிராகிறது. மிச்சம் பெரும்பாலும் சூடாகப் போய்விடும்.

இந்தச் சிக்கல் பழையது. 1919இல் பேர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயுள்ள பிள்ளைகளை இரச விளக்கின் முன் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். ஒரு கையில் மட்டும் கதிர் பட்டாலும் மற்றக் கையின் எலும்பும் தேறியதை எக்ஸ்ரேயில் கண்டார். ஆனால் விளக்கின் பலத்தை அளக்க அக்கால வைத்தியர்களுக்கு நோயாளியின் தோலையே நம்ப வேண்டியிருந்தது. ஓட்டைகள் போட்ட மறைப்பைக் கையில் வைத்து, ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒவ்வொரு நேரம் கதிர் காட்டி, மறுநாள் எது சிவந்திருக்கிறதென்று பார்ப்பார்கள். ஒருவருடைய தோல் எவ்வளவு தாங்கும் என்றறிய இம்முறை இன்றும் உண்டு. விளக்கை அளக்க இப்போது மீற்றர் இருக்கிறது.

அந்த மீற்றரும் அந்த வகை டியூபுக்கென்றே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். 298 நனோமீற்றர் கதிர், 311 கதிரைவிடச் சுமார் 16 மடங்கு தோலைச் சிவக்க வைக்கும். வேறு விளக்குக்குச் செய்த மீற்றர் காட்டும் எண்ணை நம்பினால் தோல்தான் வேகும். டியூப் போட்டவுடன் அளக்கவும் கூடாது. சில நிமிடம் எரிந்து சூடேறிய பிறகே, தோல் இருக்கும் தூரத்தில் மீற்றரை வைத்து அளப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வைத்தியர் சொன்ன அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 200 மில்லியூல் என்று வைப்போம். விளக்கு 4 மில்லிவொட் தந்தால் 50 செக்கன் போதும். பழசாகி 2 மில்லிவொட் ஆனால் 100 செக்கன் வேண்டும். ஆகவே நேரத்தைக் கூட்டலாமா என்ற உங்கள் கேள்வி பிழையில்லை. எவ்வளவு கூட்டுவது என்பதை மீற்றர் சொல்ல வேண்டும். கை மதிப்பில் கூட்டக் கூடாது. புள்ளி மாறாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். சில இடங்களில், முக்கியமாக விரல் நுனிகளில், நிறம் எளிதில் திரும்புவதில்லை.

விளக்கையும், நேரம் எழுதி வைத்த கொப்பியையும் அடுத்த தடவை தோல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அளக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

விலை குறைவென்று, மேனியைக் கறுக்க வைக்கும் அழகு விளக்கை இதற்கு மாற்றாக வாங்கிவிடாதீர்கள். அதன் கதிர் வேறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இன்னொன்று, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பழைய டியூபால் பெரும்பாலும் பலனில்லாமல் போகும், அவ்வளவுதான். சுடுவது புது டியூப். மேலே சொன்ன கணக்கில் புது டியூபைப் போட்டுவிட்டு அதே 100 செக்கன் காட்டினால், பிள்ளைக்குப் போவது இரட்டிப்பு அளவு. டியூப் மாற்றும் அன்று பழைய நேரத்தைக் கொப்பியில் வெட்டிவிடுங்கள். வைத்தியர் புது நேரம் எழுதித் தரும்வரை விளக்கைப் போட வேண்டாம். போடும்போது மகளுக்கும் உங்களுக்கும் கண்ணாடி இருக்கட்டும்.