அப்பா படமும் 300 புள்ளிக் கணக்கும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்களில் பலர் கல்லாறில் வண்டியை நிறுத்தாமல் மலையேறுவதில்லை. உருண்டைக் கற்களுக்கிடையே நழுவி ஓடும் தண்ணீர், குளிர்ந்த காற்று, அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கியதும் முதல் வேலை போட்டோ. குடும்பம் மொத்தமும் பாறை மேல் நெருக்கியடித்து நிற்க, யாரோ ஒருவர் போனை நீட்டுவார். அன்றிரவே படம் வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்குப் போய்விடும்.

சில வருடங்கள் கழித்து அந்தப் படத்துக்கு வேறொரு தேவை வரலாம். நடுவில் நின்ற அப்பா இப்போது இல்லை. கூடத்தில் மாட்டி மாலை போட ஒரு படம் வேண்டும். அவர் வாய்விட்டுச் சிரிப்பது கல்லாறு படத்தில் மட்டும்தான். எடுத்த போன் எப்போதோ கைமாறிவிட்டது. வாட்ஸ்அப்பில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு மகன் ஸ்டுடியோவுக்குப் போகிறார். "பெரிசு பண்ணினா உடையும் சார்" என்கிறார் ஸ்டுடியோக்காரர். மகனுக்குப் புரிவதில்லை. போனில் பளிச்சென்று தெரிகிறதே?

தெரியும். ஏனென்றால் போன் திரையில் அப்பாவின் முகம் கட்டைவிரல் நகத்தின் அளவு. சிக்கல் அதைச் சுவர் அளவுக்கு விரிக்கும்போதுதான்.

டிஜிட்டல் படம் என்பது பிக்செல் எனப்படும் வண்ணப் புள்ளிகளின் கோலம். 1975இல் கோடாக் நிறுவனத்தின் இன்ஜினீயர் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் அகலத்துக்கு 100, உயரத்துக்கு 100, ஆக 10,000 புள்ளிகள். இன்று 12 மெகாபிக்செல் போனில் 4000க்கு 3000, அதாவது 1.2 கோடி புள்ளிகள். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்ட் தெளிவாக இருக்க அங்குலத்துக்குச் சுமார் 300 புள்ளிகள் தேவை. 4000ஐ 300ஆல் வகுத்தால் 13 அங்குலத்துக்குச் சற்று மேல். 3000ஐ வகுத்தால் 10. முழுப் படத்தை அந்த அளவுக்குத் தயங்காமல் பிரிண்ட் போடலாம். சாஸனின் படத்தை அதே தரத்தில் போட்டால் நெற்றிப் பொட்டு அளவுதான் வரும்.

300 என்பது மாறாத விதியும் அல்ல. தூரம் கூடக்கூடக் கண்ணுக்குத் தேவைப்படும் புள்ளிகள் குறையும். ஓர் அடி தூரத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள் கேட்கும் கண், ஆறடியில் 48டனும் பத்தடியில் 29டனும் திருப்தியடைந்துவிடும். தெருமுனை பிளெக்ஸ் பேனரில் தலைவர் தெளிவாகச் சிரிப்பதும், கிட்டே போனால் புள்ளிகளாகச் சிதறுவதும் இதனால்தான்.

இப்போது அப்பா படம். கல்லாறு போட்டோவில் அவருடைய தலையும் மார்பும் 800க்கு 1000 புள்ளிகளை அடைத்திருந்ததாக வைத்துக்கொள்வோம். அதை 16க்கு 20 அங்குலமாகப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 50 புள்ளிகள் கிடைக்கும். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு அது போதும். ஆனால் வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருக்கிவிடுகிறது. மொத்தப் புள்ளிகளில் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அப்பாவின் பங்கு 320க்கு 400. அதே சுவர்ப் படத்தில் அங்குலத்துக்கு 20 புள்ளிகள்தான். தெளிவாகத் தெரிய 14 அடி தள்ளி நிற்க வேண்டும். பல வீடுகளில் கூடமே அவ்வளவு நீளம் இருக்காது.

கம்ப்யூட்டரில் 72 என்றிருப்பதை 300 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை கூடாதவரை அது வெறும் சீட்டு மாற்றம்தான். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்புகின்றன. முகம் வழவழப்பாகத்தான் வரும். ஆனால் கன்னத்து மச்சமும் கண்ணோரச் சுருக்கமும் ஊகத்துக்கு அகப்படுவதில்லை. அப்பாவைப் போன்ற ஒருவர் சட்டத்துக்குள் இருப்பார். அம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள்.

பிலிம் காலத்தில் படங்கள் குறைவு. ஆனால் பிரிண்ட் யார் வீட்டுக்குப் போனாலும் நெகட்டிவ் நம் வீட்டு அலமாரியில் இருக்கும். டிஜிட்டலில் நெகட்டிவ் என்பது கேமராவில் பதிவான அந்த மூலக் கோப்புதான். அதை வாட்ஸ்அப்பிலேயே டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. போனை மாற்றும் முன் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைக்க அரை மணி நேரம் போதும். பிடித்த நாலு படங்களை அப்போதே பிரிண்ட் போட்டுவிடுவது இன்னும் நல்லது. அப்பா தானே பார்த்து, "எனக்கென்ன இவ்வளவு நரையா?" என்று கேட்கவாவது முடியும்.