நாம் கட்டிய காசுக்குச் சிக்னல் எங்கே?



ரோட்டு மேல நின்றால் செல்போனில் நாலு கோடு காட்டுகிறது. காவிரி, கொள்ளிடக் கரைப் படுகையில் இறங்கி வாழைக்குள் நுழைந்தால் ஒரு கோடும் இல்லை. டவர் இருப்பது ஊருக்குள். நம்ம பிழைப்பு இருப்பது பள்ளத்தில். நடுவில் நிற்கிற ஈர இலையும் மட்டையும் வருகிற கொஞ்ச அலையையும் குடித்துவிடுகின்றன.

"போன் பேசாட்டி என்ன குடி முழுகிப் போச்சு?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறோம். ராத்திரி முறையில் மும்முனை மின்சாரம் வரும்போது வீட்டிலிருந்தே மோட்டார் போடலாம் என்றுதான் செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கினோம். அதற்குள் இருப்பதும் ஒரு சிம் கார்டுதான். சிக்னல் இல்லாவிட்டால் அது வெறும் தகர டப்பா. டார்ச் லைட்டோடு, பாம்பு ஓடுகிற வரப்பில் நாம்தான் நடக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்ததை மறக்க முடியுமா? ஆற்றில் தண்ணீர் கூடுகிற சேதி படுகையில் மாடு கட்டியிருக்கிறவனுக்குத்தான் முதலில் வர வேண்டும். அவனுக்குத்தான் போன் கிடைப்பதில்லை!

இந்தக் கஷ்டத்தைக் காசாக்கத்தான் 'பூஸ்டர்', 'ரிப்பீட்டர்' என்று பெட்டி விற்க வருகிறார்கள். நம்மில் ஒருவர் கடன்பட்டு வாங்கி மாட்டினார். அவர் கொட்டகையில் போன் எடுத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இருந்த சிக்னலும் போனது. ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சிய இரண்டு பேரும் இன்று முகம் பார்ப்பதில்லை.

ஏன் இப்படி? வெளியே உள்ள ஏரியல் டவர் அலையைப் பிடிக்கும்; பெட்டி அதைப் பெருக்கும்; உள்ளே இன்னொரு ஏரியல் விடும். நம்ம பேச்சையும் அதே மாதிரி பெருக்கி டவருக்கு அனுப்பும். இரண்டு ஏரியலும் கிட்ட இருந்தால், திருவிழா மைக் செட் 'கூ' என்று கத்துகிற மாதிரி பெட்டியும் கத்தும். அந்த இரைச்சல் டவர் வரை போய் மற்றவர் பேச்சையும் கெடுக்கும். துளி சிக்னலும் வராத இடத்தில் பெருக்குவதற்கு எதுவும் கிடையாது. 1933 சட்டம் தொடங்கி 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வரை, அனுமதி இல்லாமல் இதை வைத்திருப்பது சட்டவிரோதம். விற்றவன் போய்விடுவான், மாட்டுவது நாம்.

அதற்காக ரிப்பீட்டரே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் போன் கிடைக்காதது கூட்ட நெரிசலால். அதை ரிப்பீட்டர் தீர்க்காது. நமக்கு இருப்பது எட்டாத குறை. கம்பெனியே தன் அலைவரிசைக்குப் பொருத்தமாக, சட்டப்படி வைத்தால் இந்தக் குறை தீரும். எட்டாத இடத்தில் டவரே வேண்டும்.

இதைப் பிச்சையாகக் கேட்கவில்லை. 2002 முதல் செல்போன் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 5 ரூபாயைக் கிராமப்புறச் சேவைக்கான மத்திய அரசு நிதிக்குக் கட்டி வருகின்றன. இன்று அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அந்த வருமானம் நாம் போடுகிற ரீசார்ஜ்தானே? 2022ல் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வரவேற்கிறோம். ஆனால் அது சிக்னலே இல்லாத கிராமங்களுக்கு. ஊருக்குள் டவர் நின்றால் அந்த ஊர் கணக்கு முடிந்துவிடுகிறது. வயல் எந்தக் கணக்கிலும் இல்லை!

டிராய் 2024ல் போட்ட விதிப்படி, எங்கெங்கே சேவை உண்டு என்று கம்பெனிகள் வரைபடம் வெளியிட வேண்டும். அதையே கையில் எடுப்போம். கிராமத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு, எந்த சர்வே நம்பரில், எந்தக் கம்பெனி சிக்னல் இல்லை என்று எழுதுவோம். படம் சொல்வதையும் வயல் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலெக்டர் முன் காட்டுவோம்.

நம் கோரிக்கைகள்:

1. படுகை நிலங்களிலும் பச்சமலைக் கிராமங்களிலும் அதிகாரிகள் நேரில் நடந்து சிக்னல் அளக்க வேண்டும்.
2. குறையுள்ள இடத்தில் கம்பெனிகளே தங்கள் செலவில் ரிப்பீட்டரோ டவரோ வைக்க வேண்டும்.
3. வெள்ள நேரத்தில் கரண்ட் போனாலும் டவர் நிற்காதபடி பேட்டரி, ஜெனரேட்டர் இருக்க வேண்டும்.
4. விவசாயியை ஏமாற்றிப் பெட்டி விற்பவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நோட்டோடு திரண்டு வாருங்கள். பெட்டிக்குக் கொடுக்கிற காசை உரத்துக்குப் போடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூட்டி வாருங்கள். அவரோடு நமக்குச் சண்டை இல்லை.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!