பக்கத்துப் பையனுக்காக ‘ப்ரெஸான்’

என் பேரன் அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகுகிறான். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சின்ன விமான நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. விமானிகளே பொது அலைவரிசையில், இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இதைச் செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். “பல இடங்களில் ரேடியோ கட்டாயமே இல்லை தாத்தா, கண்ணால் பார்த்தால் போதும்” என்கிறான். அது எனக்குச் சம்மதமில்லை.

1996 நவம்பர் 19, இல்லினாய் மாநிலம் குயின்சி. பயணிகளோடு இறங்கிக்கொண்டிருந்த பீச் 1900 விமானம், குறுக்கு ஓடுபாதையில் நின்ற கிங் ஏரைப் பார்த்து, நிற்கப்போகிறீர்களா, கிளம்பப்போகிறீர்களா என்று கேட்டது. கிங் ஏர் வாய் திறக்கவில்லை. அதன் பின்னால் காத்திருந்த செரோக்கி விமானி பதில் சொன்னார். நடுவில் பீச் விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியதில் அந்தப் பதில் அரைகுறையாகத்தான் விழுந்தது. கிங் ஏரே நிற்பதாகச் சொல்கிறது என்று நம்பி இறங்கினார்கள். கிங் ஏர் கிளம்பிவிட்டது. இரண்டிலும் இருந்த 14 பேரும் மாண்டார்கள்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் ஆஜர் எடுக்கும்போது பக்கத்துப் பையனுக்காக ‘ப்ரெஸான்’ சொன்னால் முட்டி பெயர்ந்துவிடும். வாத்தியார் செய்தது நியாயம்தான்!

கிங் ஏர்காரர்கள் அலைவரிசையைக் கவனிக்கவில்லை, சுற்றிலும் சரியாகப் பார்க்கவுமில்லை என்றது விசாரணை. கண்ணை மட்டும் நம்பச் சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

இன்னொரு கெட்ட பழக்கம், ‘இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது. கூடவே கூடாது என்று அமெரிக்க அரசின் விமானிகள் கையேடே சொல்கிறது. நாலு பேர் சேர்ந்து பதில் சொன்னால் ஒருவர் பேச்சும் விளங்காது. இருந்தும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.