பானெட்டுக்குப் பூட்டு போட்டது யார்?

"இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் சார். நாம கை வெச்சா அவ்வளவுதான்."

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. கார் செய்வதே பிழைப்பாகிப்போன வட்டாரம் இது. இங்கேயும் இந்த வசனம் வேதவாக்காக ஓடுவதுதான் கொடுமை. ஷிஃப்டில் வண்டிக்கு வண்டி வயரிங் மாட்டுகிறவர், சொந்தக் காரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் டோயிங் வண்டிக்கு ஃபோன் போடுகிறார்.

கம்ப்யூட்டர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காலையில் கிளம்ப மறுக்கும் காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம், மீட்டர் விளக்கு மங்குகிறது. பானெட்டைத் திறந்தால் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பானரால் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு ப்ளஸை. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நிறுத்தி வைத்த வண்டியில் முழு சார்ஜ் என்றால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே நிற்கும். ஓடும்போதும் 12-ஐத் தாண்டவில்லை என்றால் சந்தேகம் ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும். இது தெரியாமல் புது பேட்டரி வாங்கி, பத்து நாளில் மறுபடி நடுரோட்டில் நின்றவர்கள் ஏராளம்.

சரி, அந்தக் கம்ப்யூட்டருக்கே வருவோம். அது நம்மைப் பயமுறுத்த வைத்த பெட்டி அல்ல. வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி-2 ஏற்பாடு, பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் அதற்கான 16 பின் சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய் புளூடூத் ஸ்கேனரைச் செருகினால், செக் என்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்பதற்கான கோடு ஃபோனில் வரும். பி0300 என்றால் மிஸ்ஃபயர். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. (அதைப் பார்த்ததுமே சென்சாரை மாற்றச் சொல்கிறவரிடம் ஜாக்கிரதை. ஒரு ஹோஸ் கழன்றிருந்தாலும் அதே கோடுதான் வரும்.) கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக் சத்தத்தைக் கேட்டு ஊகித்தார். இன்று வண்டியே வாய் திறந்து சொல்லும்போது நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

அடுத்த பூச்சாண்டி வாரண்டி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததுதான் குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. அந்தப் பட்டியலில் நிசானும் உண்டு, மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டும் உண்டு. மறு வருஷம் ஹூண்டாய்க்குத் தனியாக 420 கோடி. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. யாருடைய லாபத்துக்காக நமக்கு இந்தப் பயம் ஊட்டப்பட்டது என்பது அந்த உத்தரவைப் படித்தாலே விளங்கும்.

நாம் கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு கேபிள், பிரேக் லைன், பெட்ரோல் லைன். இவற்றைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், கை வைக்கவே கூடாத நேரத்தில்தான் நம்மவர்களுக்குத் துணிச்சல் வருகிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்றன. மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பினால், சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, சாவியைத் தொடாமல் இருக்க வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைப் பொசுக்கிக்கொள்கிறவர்களும் இதே ரகம். ஏர் ஃபில்டரைத் தொடப் பயப்படுகிற ஆளும் பெரும்பாலும் அவர்தான். சிங்கபெருமாள்கோவில் சாலையில் லாரிப் புழுதிக்குப் பின்னால் தினமும் போகிறவர் அந்த ஃபில்டரைச் சர்வீஸ் தேதி வரும்வரை விட்டுவைக்கவே கூடாது. இரண்டு மூன்று கிளிப்பைத் தளர்த்தினால் கைக்கு வந்துவிடும்.

டேஷ்போர்டு அறையில் வண்டிப் பூஜைக் குங்குமப் பொட்டலத்துக்கும் இன்சூரன்ஸ் நகலுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஓனர்ஸ் மேனுவல் கிடக்கும். ஃபியூஸ் மாற்றுவது, ஸ்டெப்னி மாட்டுவது, கூலண்ட் அளவு பார்ப்பது, ஜம்ப் கேபிள் இணைப்பது என எல்லாம் படத்தோடு அதில் இருக்கிறது. அச்சடித்துக் கொடுத்தது கார் கம்பெனியேதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த உறையைப் பிரியுங்கள்.