வயதானால் அப்படித்தானா?

வடித்த கஞ்சியில் ஒரு துளி அயோடின் கரைசலை விட்டால் கருநீலமாகும் என்பதை அறிவீர்கள். 1854 ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ஷோ, மூளைத் திசுவில் கண்ட சில துகள்கள் அயோடினால் நீலமாவதைப் பார்த்து, ‘மாவு போன்றது’ என்னும் பொருளில் அமிலாய்டு என்று பெயரிட்டார். 1859 இல் பிரீட்ரைக்கும் கெக்குலேயும் (ஆம், பென்சீன் வளையத்தின் கெக்குலேதான்!) இப்பெயரால் குறிக்கப்பட்ட படிவுகளை ஆராய்ந்தனர். அவற்றில் மாவுப்பொருள் இல்லை, புரதமே இருந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முதியோரின் குடற்சுவரிலுள்ள சிறு இரத்தக் குழாய்களில் இப்படிவைக் காணலாம். இது டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தால் ஆனதாக இருக்கலாம். கல்லீரலில் உண்டாகி, தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ யையும் சுமந்து செல்லும் நல்ல புரதம்தான். அதன் மூலக்கூறு நான்கு துண்டுகள் சேர்ந்தது. துண்டுகள் பிரிந்து, மடிப்புக் குலைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுண்ணிழைகளாகின்றன.

இதைக் கண்டுபிடிக்கும் முறைதான் இயற்பியல் ஆசிரியனான என்னை மகிழ்விக்கிறது. திசுத் துணுக்குக்குக் காங்கோ சிவப்பு என்ற துணிச் சாயத்தை ஏற்றுகிறார்கள். நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டு தகடுகளைச் செங்குத்தாக வைத்தால் பார்வைப்புலம் இருண்டுவிடும் அல்லவா? அந்த இருளில் அமிலாய்டு மட்டும் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிரும். இழைகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால், அவற்றில் ஒட்டிய சாய மூலக்கூறுகளும் வரிசையில் நிற்கின்றன. அதனால் இரட்டை ஒளிவிலகல் தோன்றுகிறது. இரட்டை விலகல் என்றதும் கால்சைட் படிகத்தை மட்டும் எழுதும் நம் விடைத்தாள்களில் இதற்கும் ஒரு வரி இருக்கலாம்.

எனக்கு உடன்பாடில்லாதது, இதற்கு ‘முதுமை அமிலாய்டு’ எனப் பெயர் சூட்டி நெடுங்காலம் ஒதுக்கி வைத்ததுதான். குடலில் அது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, மெய்தான். ஆனால் அதே புரதம் இதயத் தசையில் மிகுதியாகப் படிந்தால் தசை விறைக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். வீட்டிலோ, “வயதானால் அப்படித்தான்” என்பார்கள். பிரேதப் பரிசோதனைகளில், எண்பது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரின் இதயத்தில் இப்படிவு காணப்பட்டுள்ளது. எல்லோருக்கும் அது நோயாக முற்றுவதில்லை. முற்றியவர்களையும் வயதின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

2019 இல் டாஃபமிடிஸ் என்ற மருந்தை இந்த இதய நோய்க்கு அமெரிக்கா ஏற்றது. அது நான்கு துண்டுகளும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. ஏற்கெனவே படிந்ததை அது கரைப்பதில்லை. ஆகவே தாமதமாகக் கண்டறிந்தால் பயன் குறைவு. குடல் துணுக்கில் பச்சை ஒளிர்ந்தால், அது எந்தப் புரதம் என்று பார்த்து, அந்த முதியவரின் இதயத்தையும் அன்றே சோதிக்க வேண்டும் என்பேன்.